கிளையும் தழையும் தீக்கு இரையாகலாமா?

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அத்தகைய துரும்பை வண்டி வண்டியாகக் குவித்து, ஒரே தீக்குச்சியில் சாம்பலாக்கிவிடும் வழக்கம் இன்று நம் ஊர்களில் பரவி வருகிறது. பருத்தி எடுத்து முடிந்த காட்டில் பருத்திமார் எரிகிறது. தென்னந்தோப்பின் ஓரத்தில் காய்ந்த மட்டையும் பாளையும் எரிகின்றன. வேலி கழித்த முள்ளும், கவாத்துச் செய்த கிளையும் சாலையோரத்தில் புகைகின்றன. விறகடுப்பின் இடத்தை எரிவாயு அடுப்பும், கீற்றுக் கூரையின் இடத்தை ஓடும் தகரமும் பிடித்துக்கொண்டபின், ஒருகாலத்தில் போட்டியிட்டு வாங்கப்பட்ட பொருள்கள் இன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றை அகற்றுவதே உழவருக்கு ஒரு செலவாகிவிட்டது.

இச்சிக்கலுக்கு ஒரு வழியாகக் கிளை நறுக்கும் இயந்திரம் வந்துள்ளது. சிப்பர் என்றும், ஷ்ரெட்டர் என்றும், மட்டை அரைக்கும் இயந்திரம் என்றும் கடைகளில் வழங்கப்படுவது இதுவே. இதன் அமைப்பு யாது, இது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, இதனால் நேரக்கூடிய தீங்கு எவை, இதனைத் தனியொருவர் வாங்குவதா சங்கம் வாங்குவதா என்பனவற்றை நம் அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நன்று.

எரிப்பதால் இழப்பது என்ன?

செடி தன் வாழ்நாளெல்லாம் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் தேடிச் சேர்த்த செல்வமே தண்டும் தழையும். அவற்றை எரிக்கும்பொழுது, மண்ணுக்கு மக்காகித் திரும்பவேண்டிய கரிமச்சத்து புகையாகப் போய்விடுகிறது. தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் காற்றில் கலந்துவிடுகின்றன. சாம்பலில் எஞ்சுவது சாம்பல்சத்தும், சுண்ணாம்பும், சிறிது மணிச்சத்துமே. சாம்பல் பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஆனால், நூறு ரூபாய்ப் பொருளை எரித்துப் பத்து ரூபாயைப் பொறுக்கி எடுப்பது சிக்கனமாகாது. தீப்பட்ட இடத்தில் மேல்மண்ணின் நுண்ணுயிர்களும் மாள்கின்றன. புகையோ பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சிலும், சாலையில் செல்வோர் கண்ணிலும் புகுகிறது.

இயந்திரத்தின் அமைப்பு

மரத்தைச் சில்லுகளாக நறுக்கும் இயந்திரத்தை 1884-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டவரான பீட்டர் யென்சன் என்பவர் உருவாக்கினார். அடிப்படைத் தத்துவம் இன்றும் மாறவில்லை. கனத்த வட்டத் தகடு ஒன்றிலோ உருளை ஒன்றிலோ கத்திகள் பொருத்தப்பட்டிருக்கும். அது வேகமாகச் சுழலும். வாய்ப்பகுதியில் அசையாத அடிக்கத்தி ஒன்று உண்டு. உள்ளே செலுத்தப்படும் கிளை இரண்டிற்கும் இடையில் அகப்பட்டு, பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கைப்போல் நறுக்கப்பட்டு, காற்றின் விசையால் குழாய் வழியே வெளியே வீசப்படுகிறது. பெரிய இயந்திரங்களில் கிளையைப் பற்றி உள்ளிழுக்கும் பல்லுருளைகளும் உண்டு.

மற்றொரு வகையில் கத்திகளுக்குப் பதிலாகச் சுத்தியல் போன்ற இரும்புத் துண்டுகள் சுழன்று, பொருளை அடித்து நசுக்கிச் சல்லடை வழியாகத் தள்ளும். வைரம் பாய்ந்த கிளைக்குக் கத்தி வகை ஏற்றது. இலையும் நாரும் மிகுந்த பொருளுக்குச் சுத்தியல் வகை ஏற்றது. தென்னை மட்டையும் பருத்திமாரும் நார் மிகுந்தவை. அவற்றின் நார் சுழல்தண்டில் சுற்றிக்கொள்ளும். ஆகவே நம் பகுதிக்குக் கத்தியும் சுத்தியலும் ஒருங்கே அமைந்த இயந்திரமே பொருத்தமானது. வாங்குவதற்கு முன், விற்பவர் கொண்டுவரும் சவுக்குக் குச்சியை நறுக்கிக் காட்டச் சொல்லாமல், நம் தோப்பு மட்டையையே நறுக்கிக் காட்டச் சொல்லவேண்டும்.

சிறிய இயந்திரங்கள் மின்மோட்டாரிலோ டீசல் எஞ்சினிலோ ஓடும். பெரியவை டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் இணைக்கப்படும். கத்தியின் கூரே இயந்திரத்தின் உயிர். மழுங்கிய கத்தி நறுக்காது, பிய்க்கும். எரிபொருள் கூடும், அதிர்வு மிகும், வாயடைப்பு நேரும். ஒரு கத்தியைத் தீட்டினால் எதிர்க்கத்தியையும் அதே அளவு தீட்டவேண்டும். எடை மாறுபட்டால் சுழல்வட்டு நிலை தடுமாறி, தாங்கிகள் விரைவில் தேயும். மண் ஒட்டிய வேரும், ஆணி அடித்த சட்டமும், கம்பி சுற்றிய வேலிக்காலும் கத்திக்கு எமன். அவற்றைத் தனியே பிரித்து வைத்தல் வேண்டும்.

பருத்திமாரும் காய்ப்புழுவும்

நெசவாளரையும் பயிரிடுவோரையும் ஒருசேரப் பாதிக்கும் செய்தி இது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்தியின் பெரும்பகை. அது காயினுள் புகுந்து விதையைத் தின்று பஞ்சைக் கறைப்படுத்துகிறது. அத்தகைய பஞ்சிலிருந்து நல்ல நூலை எதிர்பார்க்க இயலாது. பருவம் முடிந்தபின் இப்புழு எங்கே தங்குகிறது? காட்டில் நிற்கும் மாரில் ஒட்டிய வெடிக்காத காய்களிலும், விதையிலும், உதிர்ந்த சருகிலும் தங்கி, அடுத்த பட்டத்திற்குக் காத்திருக்கிறது. பி.டி. பருத்தியின் நஞ்சையும் எதிர்த்து நிற்கும் திறனை இப்புழு நம் நாட்டில் பெற்றுவிட்டதால், மாரை உரிய காலத்தில் அகற்றுவது முன்னினும் முக்கியமாகிவிட்டது.

இது புதிய அறிவன்று. சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டிலேயே பயிர்ப் பூச்சி, நோய்கள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ், கம்போடியாப் பருத்திச் செடியைக் குறித்த நாளுக்குள் பிடுங்கி அகற்றவேண்டும் என்ற விதி பருத்தி மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் காட்டில் விட்ட மார் ஊரார் காடு முழுவதற்கும் கேடு என்பதே அச்சட்டத்தின் கருத்து.

ஒரு ஏக்கரில் ஏறத்தாழ ஒரு டன் மார் கிடைக்கிறது. அதனைப் பிடுங்கி வரப்பில் அடுக்கிவைத்தால் புழுவுக்கு வீடு கட்டிக்கொடுத்ததாகும். எரித்தால் புழு மாளும், ஆனால் மண்ணின் செல்வமும் உடன் போகும். உடனே நறுக்கிப் பொடியாக்கினால், வெடிக்காத காயும் அதனுள் இருக்கும் புழுவும் சேர்ந்து நசுங்கும். அத்தூளைச் சூடேறும்படி மக்கவைத்தால் எஞ்சியவையும் அழியும். பொருளும் நம்மிடம் தங்கும்.

பருத்திமாருக்குத் தொழிற்பயனும் உண்டு. மும்பையில் 1924-இல் தொடங்கப்பெற்ற மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், மார்த்தூளிலிருந்து துகள்பலகையும், அழுத்திய விறகுக் கட்டிகளும் செய்யும் முறைகளை வகுத்துள்ளது. சாயப் பட்டறைகளில் கொப்பரைக்கு விறகு வாங்கும் நெசவாளர் சங்கங்கள் இதனைக் கவனித்தல் தகும். காட்டில் எரியும் மார் சாயக் கொப்பரையின் அடியில் எரிந்தால் ஒரு வேலை முடியும். காட்டில் எரிவது வீணன்றோ?

தென்னந்தோப்பில்

தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டை உதிர்க்கிறது என்று கொள்வோம். ஏக்கருக்கு 70 மரம் எனில் 840 மட்டைகள். இவற்றுடன் பாளையும், பன்னாடையும், குரும்பையும் சேரும். இவை யாவும் மரம் மண்ணிலிருந்து எடுத்தவையே. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தென்னை ஓலையை மண்புழுக்களைக்கொண்டு உரமாக்கும் முறையைக் கண்டு பரப்பியுள்ளது. ஓலையைத் துண்டாக்கி இட்டால் மண்புழுவின் வேலை விரைவில் முடிகிறது.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை, நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரைகடந்த கஜா புயலை நம் டெல்டா அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஒரே இரவில் இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அரசு ஒரு மரத்திற்கு 600 ரூபாய் இழப்பீடும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என, எக்டருக்கு 175 மரம் கணக்கிட்டு 1,92,500 ரூபாய் அறிவித்தது. அகற்றும் செலவு மரத்தின் இழப்பீட்டுக்கே ஏறத்தாழ ஈடாக நின்றதை நோக்குக. வீழ்ந்ததைவிட, வீழ்ந்ததை அப்புறப்படுத்துவது எத்துணைப் பெரும்பாடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அகற்றாமல் விட்டாலோ வேறு கேடு. காண்டாமிருக வண்டு அழுகிய தென்னந்தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிட்டுப் பெருகி, தப்பிப்பிழைத்த மரங்களின் குருத்தைத் துளைக்கிறது. ஆகவே இதனை நினைவில் கொள்க: நறுக்கிய தூளையும் மாதக்கணக்கில் ஈரமாகக் குவித்துவைத்தால், அக்குவியலே வண்டுக்கு வளர்ப்பிடமாகும். குவியலை அடிக்கடி புரட்டவேண்டும். வெள்ளைப்புழு தென்பட்டால் பொறுக்கி அழிக்கவேண்டும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் கலந்தால் புழு நோயுற்று மடியும். தஞ்சை வாடல் நோய் கண்ட மரத்தின் அடித்தூரையும் வேரையும் நறுக்கித் தோப்பில் பரப்பவே கூடாது. அவற்றைத் தோண்டியெடுத்து எரிப்பதே முறை. தீயை நாம் முற்றிலும் விலக்கவில்லை. நோய்க்கு மட்டும் அதனை ஒதுக்கிவைக்கிறோம்.

ஊர்ப்புறத்துச் சிறு இயந்திரங்கள் மட்டைக்கும் கைப்பருமனுள்ள கிளைக்குமே ஏற்றவை. அடிமரத்தை அவற்றில் திணிக்க முயலலாகாது. அது வாள்பட்டறைக்குரியது.

மல்பெரியும் சீமைக் கருவேலும்

தண்டோடு இலையிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போர், ஒவ்வொரு அறுவடையிலும் இலை தின்ற தண்டைக் குவியல் குவியலாகக் காண்பர். ஆண்டுக்கு ஐந்து அறுவடை எனின் ஐந்து முறை இப்பாடு. இத்தண்டு மென்மையானது, எளிதில் நறுங்கும். ஆனால், புழுவுக்கு நோய் கண்ட படுக்கைக் கழிவை நறுக்கி அப்படியே மல்பெரித் தோட்டத்தில் பரப்பினால், நோய் தோட்டத்திலிருந்து மீண்டும் மனைக்குள் வரும். அதனைத் தொலைவில், நன்கு சூடேறும்படி மக்கவைத்த பின்னரே பயன்படுத்தவேண்டும்.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலின் தடித்த கட்டையைக் கரிமூட்டம் போடுவோர் கொண்டுசெல்கின்றனர். முட்சுள்ளியே எஞ்சுகிறது. இதனை நறுக்கலாம், ஆயினும் முள் தூளோடு கலந்தே இருக்கும். வெறுங்காலோடு உழைப்போர் நடக்கும் வயலில் அதனைப் பரப்புவது தகாது. எரிபொருளாகக் கொள்வதே நன்று. நெற்று ஒட்டிய கிளையை நறுக்கிப் பரப்பினால் விதையையும் பரப்பியதாகும். மேலும், கிளையை நறுக்குவதால் மரம் ஒழிந்துவிடாது. தூர் இருக்கும்வரை அது மீண்டும் துளிர்க்கும். 2022-இல் தமிழக அரசு அயல் ஊடுருவுத் தாவரங்களை ஒழிக்கத் தனிக் கொள்கை வகுத்தது. அப்பணியில் இயந்திரம் ஒரு துணையே, தீர்வன்று.

நறுக்கிய தூளை என் செய்வது?

முதல் வழி, மூடாக்கு. மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல உயரத்திற்குப் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், மழைத்துளி மண்ணை அரிக்காது. அடிமரத்தைத் தொடும்படி குவிக்கலாகாது. சாண் அளவு இடைவெளி விடவேண்டும். கறையான் மிகுந்த நிலத்தில் மெல்லிய படலமாகவே இடுக.

இரண்டாவது வழி, மக்கு உரம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. மரத்தூளில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. பச்சை மரத்தூளை மண்ணில் புதைத்துவிட்டால், அதனை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். பயிர் மஞ்சளிக்கும். "தூள் போட்டேன், பயிர் கெட்டது" என்று சிலர் குறைகூறுவதன் காரணம் இதுவே. மண்மேல் பரப்பினால் இக்கேடு மிகக் குறைவு. மக்கவைப்பதாயின் சாணம், பசுந்தழை, கோழி எரு போன்றவற்றை இடைஇடையே அடுக்கி, கரிமமும் தழைச்சத்தும் 30-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி அமையச் செய்யவேண்டும். பிழிந்தால் சொட்டுவதற்குச் சற்றுக் குறைந்த ஈரம் போதும். நடுக்குவியல் 55 முதல் 65 பாகை வரை சூடேறினால் களைவிதையும் நோய்க்கிருமியும் மடியும். வெந்நீர்போல் சுடுவது கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால், பச்சைத்தூளை ஆளுயரத்திற்குமேல் குவித்து மறந்துவிட்டால், அச்சூடே தீயாக மாறக்கூடும்.

அரளிக் கிளையை நறுக்கிய தூள் மாட்டுக்கொட்டிலின் பக்கமே வரலாகாது. அது கால்நடைக்கு நஞ்சு.

உயிருக்கு உலை வைக்காதிருக்க

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதிக்கு இப்போது வருகிறோம். அன்பர்கள் இதனை ஒருமுறைக்கு இருமுறை படித்து, எழுத்தறியாத உழைப்பாளருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும்.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுழலும். அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி முனையோ சேலைத் தலைப்போ அதில் பட்டால், பட்டது என்று மனத்தில் படுவதற்குள் ஒன்பது முறை சுற்றியிருக்கும். கிளையை உள்ளிழுக்கும் உருளைகளில் நொடிக்கு அரை மீட்டர் இழுப்பவையும் உண்டு. ஒருவர் கையின் நீளத்தை அவை விழுங்க இரண்டு நொடி வேண்டாம். கை பறிபோனபின் எந்த இழப்பீடும் தறியில் நாடா எறியாது, களத்தில் கதிர் அறுக்காது.

கதிரடிக்கும் இயந்திரங்களில் வடநாட்டு உழைப்பாளர் பலர் கையிழந்ததன் பயனாகவே, 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தீனிவாய்த் தொட்டி 90 செண்டிமீட்டருக்குக் குறையாத நீளமும், அதில் 45 செண்டிமீட்டர் மூடியும் இருக்கவேண்டும் என்று கதிரடிக்கும் இயந்திரத்திற்கு இந்தியத் தரவிதி கூறுகிறது. கை கத்தியை எட்டலாகாது என்பதே அதன் பொருள். கிளை நறுக்கும் இயந்திரம் வாங்குவோரும் இவ்வளவுகோலையே கையில் எடுத்துச்சென்று அளந்து பார்க்க வேண்டும்.

கடைப்பிடிக்கவேண்டிய விதிகள் இவை:

1. துண்டு, வேட்டி, தொங்கும் முந்தானை, வளையல், அரைஞாண், அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு இயந்திரத்தை அணுகலாகாது. உடலோடு ஒட்டிய கால்சட்டையும் சட்டையும் அணிக. மணிக்கட்டில் தளர்ந்து நிற்கும் கையுறை வேண்டாம்.

2. வாய்க்கு நேர் எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, அடிப்பக்கத்தை முதலில் செலுத்தி உடனே கைவிடுக. கிளை துள்ளித் திரும்பும்.

3. குட்டைச் சுள்ளியைக் கையாலோ காலாலோ தள்ளலாகாது. நீண்ட மரக்கோலால் தள்ளுக. இரும்புக்கம்பி ஆகாது.

4. அடைப்பு நேர்ந்தால், எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வட்டு முற்றும் நிற்கும்வரை காத்திருக்க. எஞ்சின் நின்றபின்னும் கனத்த வட்டு நெடுநேரம் சுழலும். பெரும்பாலும் ஓசை அடங்கியதை நம்பியே கை வைக்கின்றனர்.

5. தனியொருவர் ஓட்டலாகாது. நிறுத்தும் விசைக்கருகில் மற்றொருவர் நிற்கவேண்டும். இருவருக்கும் கண்ணாடியும் காதடைப்பானும் வேண்டும்.

6. சிறுவரும் மது அருந்தியவரும் அருகில் வரலாகாது. மூடித்தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுபவரிடம் இயந்திரத்தைக் கொடுத்தலாகாது.

பிழைப்பு கெடாதிருக்க

பருத்திமாரை விறகுக்காகச் சுமந்துசெல்லும் கூலிக் குடும்பங்கள் இன்றும் உள. கீற்று முடைந்தும் ஈர்க்குச் சீவித் துடைப்பம் கட்டியும் பெண்கள் பலர் நாள்கூலி ஈட்டுகின்றனர். இயந்திரம் வந்தது என்பதற்காக அவர்கள் வாயில் மண் விழலாகாது. கீற்றுக்கும் ஈர்க்குக்கும் ஆகும் மட்டையை முதலில் அவர்களுக்கு ஒதுக்கவேண்டும். விறகு கேட்போருக்கு மாரில் பங்கு தரவேண்டும், அதுவும் காயை உதிர்த்துவிட்டு. இன்று தீக்குப் போவது எதுவோ அதுவே இயந்திரத்திற்குப் போகவேண்டும். இந்த வரிசையை மறந்த சங்கம், அங்கத்தினருக்கு உரம் தந்து அயலாரின் உலையைக் கவிழ்த்ததாகும்.

சங்கம் செய்யவேண்டுவன

கணக்கைப் பார்ப்போம். ஒரு மட்டையை நறுக்க அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு ஆண்டில் 840 மட்டைக்கு ஏழு மணி நேரம் ஆகும். மூன்று ஏக்கர் தோப்புடையவர் இயந்திரத்தை ஆண்டில் மூன்று நாள் ஓட்டுவார். எஞ்சிய நாளெல்லாம் அது கொட்டகையில் துருப்பிடிக்கும், கடன் மட்டும் வட்டியோடு வளரும். அத்தகைய அறுபது பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டால், ஆண்டில் 180 நாள் வேலை கிடைக்கும். மழைநாளும், பழுது பார்க்கும் நாளும், பருத்திப் பட்டமும் போக, அது பொருத்தமான அளவே. சங்கம் வாங்கத்தக்க பொருளுக்கு இலக்கணம் இதுதான்: ஒருவருக்கு மிகை, பலருக்கு அளவு.

வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகத்தை அணுகி, வாடகை இயந்திரம் கிடைக்குமா, உதவித்தொகை உண்டா என்று விசாரிக்கவேண்டும். வாடகைக்கு எடுத்து ஒரு பட்டம் ஓட்டிப் பார்த்தபின் வாங்குவதே விவேகம். வாங்கினால், பயிற்சி பெற்ற இருவரைச் சம்பளத்தில் அமர்த்தி, அவர்களே இயந்திரத்தோடு தோப்புக்குத் தோப்பு செல்லும்படி ஏற்பாடு செய்யவேண்டும். அங்கத்தினர் கையில் இயந்திரத்தை மட்டும் கொடுத்தனுப்புதல் ஆபத்து. வாடகையில் எரிபொருளும் கூலியும் மட்டுமன்றி, கத்தி மாற்றும் செலவும், ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடும் அடங்கவேண்டும். மலிவு வாடகை என்ற பெயரில் இவற்றை விட்டுவிடும் சங்கம், மூன்றாம் ஆண்டில் மழுங்கிய கத்தியோடும் மனக்கசப்போடும் நிற்கும்.

முறை வைப்பதிலும் நேர்மை வேண்டும். பருத்திக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் இயந்திரம் தேவைப்படும். அப்போது பெருநிலக்காரர் தோப்பில் அது பத்து நாள் தங்கிவிட்டால், அரை ஏக்கர்க்காரர் மாரில் புழு கூட்டுப்புழுவாகிவிடும், அவ்வந்து பெருநிலக்காரரின் அடுத்த பட்டத்தையே தாக்கும். ஆதலால் காட்டின் வரிசைப்படி, ஒரு புலத்தை முடித்தே அடுத்த புலம் செல்வது என்று பேரவையில் தீர்மானித்து, முறைப்பட்டியலைச் சங்க வாயிலில் ஒட்டுதல் நன்று.

நூலிழை ஒன்று தனியே நின்றால் விரல்பட்டு அறும், பாவாகி ஊடையோடு கூடினால் தலைமுறைக்கும் உடுக்கலாம். இதனை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வரும் பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதனை ஒன்றாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பருத்தி எடுத்து முடிவதற்குள் முடிவெடுப்பது நலம். மார் காய்ந்துவிட்டால், தீக்குச்சி நமக்காகக் காத்திராது.